நகம் பார்க்கும் திங்கள்

பன்னிரண்டு நாள்தான் பூட்டிக் கிடந்தது.
கரும்பலகையில் டிசம்பர் இருபத்துமூன்று
போகாமல் நின்றிருந்தது.
ஜன்னல் கதவிடுக்கில் நுழைந்த வாடைக்காற்று
'மூன்றை' மட்டும் பாதி தின்றிருந்தது.

வாசலில் செருப்புகள்.
வரிசையாய் விட ஜூனில் சொல்லத் தொடங்கி
ஆகஸ்டில்தான் படிந்தது.
இன்று,
வலை உதறிய இடத்துக் காரல் மாதிரி
திசைக்கொன்றாய்க் கிடக்கின்றன.
ஒன்று கவிழ்ந்து, ஒன்று வேப்பமரத்தடியில்,
ஒன்றுக்கு ஜோடியே இல்லை.

பெயர் கூப்பிட்டேன்.
'உள்ளேன் டீச்சர்' எங்கே போனதோ,
'ம்' என்கிறான் ரெஜிலன்.
'இந்தா இருக்கேன்ல' என்கிறாள் டெல்பின்.
அஸ்மத் எழுந்து நின்று
விடுமுறைக்குத் தொண்டி போன கதையை ஆரம்பிக்கிறான்.
நான் கையைத் தூக்கினேன்.
கை தூக்கினால் அமைதி, அது நம் ஏற்பாடு.
முதல் பெஞ்சு என் அக்குளைப் பார்த்துச் சிரித்தது.

மறக்காதது ஒன்றே ஒன்று:
பாம்பன் பாலத்தில் ரயில் ஏறும் சத்தம் கேட்டால்
வாய்ப்பாட்டை நிறுத்திவிட்டு
பெட்டி எண்ணலாம்.
அதை யாரும் சொல்லித்தரவும் இல்லை.

தலைமையாசிரியர் சொன்னார்:
'முதல் மூணு நாள் பாடம் வேண்டாம், பழக்கத்த கொண்டு வாங்க.'
சரி என்று
சாக்பீஸ் எடுத்துத் தேதி எழுதினேன்.
பழைய வருஷம்.
இருபத்தாறு வாயும் ஒரே நேரத்தில் கத்தியது.
அந்த ஒரு நொடிதான்
காலை முழுவதும் வகுப்பு ஒன்றாக இருந்தது.

திங்கள் என்றால் நகம்.
கைகள் மேஜைமேல் நீண்டன, புறங்கை மேலாக.
ஒவ்வொன்றாய்ப் பார்த்துக்கொண்டு போனேன்.
பட்டாசு மருந்து, மருதாணி மிச்சம்,
இன்னாசியின் சுண்டுவிரலில் மட்டும் தங்கையின் நகப்பூச்சு.
ரூபாவதி கையை நீட்டவில்லை.
'நீட்டு.'
நீட்டினாள்.
பத்து விரலிலும் பழைய கைலித் துணி சுற்றியிருந்தது,
அவிழ்க்க மறந்த மாதிரி.
'பௌர்ணமிக்கு முன்னயே தீவுக்குப் போயிட்டோம் டீச்சர்.
மரிக்கொழுந்துப் பாசி.
பாறையில புடிச்சிருக்கும், பிய்க்கணும்.
அம்மா இன்னிக்கும் போயிருக்கு.
நான் ஸ்கூல்னு வந்துட்டேன்.'

துணியை மெல்லப் பிரித்தேன்.
விரல் நுனியெல்லாம் கீறல், கீறலுக்குள் உப்பு வெள்ளை.
நகத்தில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை.
வகுப்பிலேயே அவளுடையதுதான் சுத்தம்.
நோட்டில் இரண்டே கட்டம்: சுத்தம், சுத்தமில்லை.
முதல் கட்டத்தில் டிக் போட்டேன்.
பேனா கொஞ்சம் அழுத்தி விட்டது.

பென்சில் பிடிக்க முடியாது அவளால்.
கைமுஷ்டியில் சுத்தியலைப் பிடிக்கலாமே என்று
'தண்ணி பெல் இன்னிக்கு நீ அடி' என்றேன்.
தலையை ஆட்டினாள், இல்லை என்று.
'இந்த வாரம் இன்னாசி டீச்சர்.
என் மொறை அடுத்த வாரம்.'
இன்னாசி அதற்குள் எழுந்து நின்றுவிட்டான்,
என்னை நம்பாத முகத்தோடு.
சுவரில் ஒட்டிய முறைப்பட்டியலைப் பார்த்தேன்.
என் கையெழுத்துதான்.
இன்னாசியே அடித்தான்.
ரூபாவதி புத்தகத்தைத் திறந்து
உதட்டால் படித்துக்கொண்டிருந்தாள்,
முழங்கையால் பக்கம் புரட்டி.

என் கால அட்டவணையில்
எட்டுப் பாடவேளை உண்டு, நிலா இல்லை.
மாலையில் காலண்டரைப் பிரித்தேன்:
அடுத்த அமாவாசை பொங்கல் விடுமுறைக்குள்.
பிறகு மறுபடி செருப்பு,
மறுபடி 'உள்ளேன்'.
முதலுதவிப் பெட்டியில் பஞ்சு தீர்ந்திருந்தது,
வாங்கணும்.

செவ்வாய்க்கிழமை.
ஒன்பது ஜோடி வரிசையில்.
பத்தாவது ஜோடியில்
ஒற்றை மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது.